சென்னையில் ஒரு பழைய கட்டடத்தின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி

மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ் கட்டடம் எப்போது கட்டியது என்று கேட்டால் பெரும்பாலும் 1844 என்றுதான் பதில் வரும். 1844 கடை தொடங்கிய வருஷம். இன்று நாம் பார்க்கிற கட்டடம் 1904-ல் வந்தது. பாரிமுனையில் இருக்கும் டேர் ஹவுஸும் அப்படித்தான். தாமஸ் பாரி இந்த ஊரில் வியாபாரம் ஆரம்பித்தது 1788-ல், அந்த மூலையில் நிற்கிற கட்டடமோ 1940-ல்தான் முடிந்தது. இதைச் சொன்னால் "அப்போ போர்டில் போட்டிருப்பது பொய்யா?" என்று கேட்கிறார்கள். பொய் இல்லை, வேறு எதனுடைய வயதோ அது.

பழைய கட்டடங்களைத் தேடிப் போகிறவர்கள் முதலில் சறுக்குகிற இடம் இதுதான். நானும் சறுக்கினேன். ஜார்ஜ் டவுனில் தம்புச் செட்டித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இரண்டு மாடி வீடு, மேல் கைப்பிடிச் சுவரில் இரண்டு சுதைச் சிங்கங்கள், நடுவில் 1927 என்று பெரிதாக எழுதியிருந்தது. போட்டோ எடுத்து, 1927-ல் கட்டிய வீடு என்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். பல மாதம் கழித்து அந்த வீட்டுக்காரர் ஒரு நகல் பத்திரத்தைக் காட்டினார். 1890-களில் எழுதியது, அதிலேயே அந்த இடத்தில் 'மெத்தை வீடு', அதாவது மாடி வீடு, இருக்கிறது. 1927 என்பது அவருடைய தாத்தா முன்பக்கத்தை இடித்துப் புதுசாக்கி, சிங்கம் வைத்த வருஷம். அன்றிலிருந்து எனக்கு ஒரு கட்டுப்பாடு: கட்டடம் சொல்வதும் காகிதம் சொல்வதும் ஒத்துப்போகிறவரை வருஷத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

தெருவின் பெயரில் ஆரம்பியுங்கள்

கட்டடத்துக்குப் போவதற்கு முன்னால் அது நிற்கிற தெரு எப்போது தெருவானது என்று பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். தி. நகரில் ஒரு வீட்டைக் காட்டி இருநூறு வருஷம் பழசு என்று யாராவது சொன்னால், 1920-கள் வரைக்கும் அந்தப் பக்கம் பெரும்பகுதி ஏரியும் ஏரிக்கரையும்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கில வரைபடங்களில் 'லாங் டேங்க்' என்று நீளமாக ஒரு நீர்ப்பரப்பு இருக்குமே, அதுதான். மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோடில் நின்றுகொண்டு லேக் எங்கே என்று தேடுகிறவர்களுக்கும் இதுதான் பதில். தெருப்பெயர்களே காலத்தைச் சொல்லும்: தியாகராய நகர், பனகல் பார்க், உஸ்மான் ரோடு எல்லாமே நீதிக்கட்சிக் காலத்து ஆட்களின் பெயர்கள். பக்கத்தில் இருந்த மாம்பலம் கிராமம் வேறு, அது பழசு. அதனால் 'தி. நகரில் பழைய கோவில் இருக்கிறதே' என்று சண்டைக்கு வராதீர்கள், அந்தக் கோவில் மாம்பலத்துக் கோவிலாக இருக்கலாம்.

ஜார்ஜ் டவுன் பக்கம் வந்தால் பெயர்கள் இன்னும் நன்றாகப் பேசும். பவளக்காரத் தெருவில் பவள வியாபாரம் நடந்தது, முதலில் யூத வியாபாரிகள், பிறகு அதே தெருவுக்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வந்தார்கள். வண்ணாரப்பேட்டை கிழக்கிந்தியக் கம்பெனித் துணியை வெளுத்தவர்களின் ஊர். சிந்தாதிரிப்பேட்டை 1734-ல் நெசவாளர்களைக் குடியேற்ற உண்டானது, சின்னத் தறிப் பேட்டைதான் அப்படி மாறிவிட்டது. வால்டாக்ஸ் ரோடு என்ற பெயரில் ஒரு மதிலும் ஒரு வரியும் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகையும் ஹைதர் அலியின் படையெடுப்பும் கண்டு பயந்து ஊரைச் சுற்றிக் கம்பெனி மதில் எழுப்பியது, அந்தச் செலவுக்கு மக்களிடம் வரி கேட்டது. வரி வசூலானதில்லை என்பார்கள், பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்த மதிலின் மிச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய ஜெயில் ரோடில் மாடிப் பூங்காவுக்குப் போங்கள்.

ஒரு தெருவுக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பாப்ஹாம்ஸ் பிராட்வே பிரகாசம் சாலை ஆனது, எட்வர்ட் எலியட்ஸ் ரோடு ராதாகிருஷ்ணன் சாலை ஆனது, லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை, மௌப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலை. பழைய ஆவணத்தில் தேடும்போது இன்றைய பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்தந்தக் காலத்துப் பெயரைப் போட வேண்டும், அதுவும் நாலு விதமான எழுத்துக்கூட்டலில். ஜார்ஜ் டவுன் என்ற பெயரே ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடிய 1911-ஐ ஒட்டி வந்ததுதான். அதற்கு முன்னால் வெள்ளைக்காரன் காகிதங்களில் அது பிளாக் டவுன். அதிலும் ஒரு சிக்கல்: 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், 1749-ல் திருப்பிக் கொடுத்தார்கள், அதற்குப் பின் பழைய பிளாக் டவுன் இடிபட்டு வடக்கே புதுசாக வளர்ந்தது. பழைய ஊர் இருந்த இடத்தில் இன்று உயர் நீதிமன்றம் இருக்கிறது. ஆகவே 1740-க்கு முந்தைய காகிதத்தில் பிளாக் டவுன் என்று வந்தால் அது இன்றைய தம்புச் செட்டித் தெருவைக் குறிப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பழைய ஊரின் நடுவில் இருந்த சென்னக்கேசவப் பெருமாள் கோவில் 1757-ல் இடிக்கப்பட்டு, பூக்கடைப் பக்கம் சென்னமல்லீசுவரர் கோவிலோடு இரட்டைக் கோவிலாகத் திரும்பக் கட்டப்பட்டது. வீடு வீடாகத் தேடும்முன் இந்த ஒரு மாற்றத்தை மனதில் பதித்துக்கொண்டால் பல குழப்பங்கள் வராது. புதிய ஊருக்கும் கோட்டைக்கும் நடுவே எதுவும் கட்டக் கூடாது என்று விட்ட வெளியின் எல்லைக்கு 1773-ல் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று இன்னும் டேர் ஹவுஸ் மூலையில் நிற்கிறது, பக்கத்தில் பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அண்ணாந்து பாருங்கள், குனிந்தும் பாருங்கள்

கடைத்தெருவில் தரைத்தளத்தைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. திண்ணையை வெட்டி ஷட்டர் போட்டு, டைல்ஸ் ஒட்டி, பிளெக்ஸ் மாட்டியிருப்பார்கள். எதிர்ச்சாரிக்குப் போய் முதல் மாடியையும் அதற்கு மேலேயும் பாருங்கள். அங்கேதான் பழைய ஜன்னல், மரப் பலகணி, சுதை வேலை, சில சமயம் முழுப்பெயரோடு எழுத்தும் இருக்கும். 1930-களுக்குப் பின் வந்த கட்டடங்களை இந்த மேல்பாகத்தை வைத்தே சொல்லிவிடலாம்: படிப்படியாக ஏறும் கைப்பிடிச் சுவர், வளைந்த மூலை, கப்பல் மேல்தளம் மாதிரி நீளக் கோடுகள். ஆர்ட் டெக்கோ என்பார்கள். என்.எஸ்.சி. போஸ் ரோடில் ஒரு கால் மணி நேரம் அண்ணாந்து நடந்தால் கண் பழகிவிடும், கழுத்து வலிக்கும்.

அப்புறம் கீழே பாருங்கள். வாசற்படி தெருவைவிடப் பள்ளத்தில் இருக்கிறதா? பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகிறது, வீடு அப்படியே இருக்கிறது. இரண்டு படி இறங்கி வீட்டுக்குள் போக வேண்டியிருந்தால் அது நல்ல அடையாளம், மழைக்காலத்தில் அந்த வீட்டுக்காரருக்கு மட்டும் அது நல்ல அடையாளம் இல்லை. இதனால் கல்வெட்டுகளும் புதைந்துபோகும். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி 1726-ல் அடையாற்றின் மேல் தன் பணத்தில் மர்மலாங் பாலம் கட்டினார். மாம்பலம்தான் வெள்ளைக்காரர்கள் வாயில் மர்மலாங் ஆனது. பாலம் போய் மறைமலை அடிகள் பாலம் வந்துவிட்டது, ஆனால் அவர் வைத்த கல்வெட்டு சைதாப்பேட்டையில் சாலையோரம் மிஞ்சியிருக்கிறது. எத்தனை பேர் அதன் மேல் சாய்ந்துகொண்டு போன் பேசியிருப்பார்களோ!

உள்ளே போக விட்டால் முதலில் கூரையைப் பாருங்கள். தேக்கு உத்தரம், அதன்மேல் நெருக்கமாகச் சட்டங்கள், சட்டங்களுக்கு மேல் மெலிந்த செங்கல்லைக் குத்தவைத்துச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த தளம் என்றால் அது மெட்ராஸ் டெரஸ். கான்கிரீட் பரவலாவதற்கு முன் இந்த ஊரின் கூரையே அதுதான். மரத்துக்குப் பதில் இரும்பு உத்தரம் இருந்தால் அது கொஞ்சம் பிந்திய காலத்தது. அந்த இரும்பில் உருக்காலையின் பெயர் பதித்திருக்கும், டார்ச் அடித்துப் படித்துக்கொள்ளுங்கள். ஓட்டு வீடாக இருந்தால், கீழே விழுந்த ஒரு மங்களூர் ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கத்தில் கம்பெனிப் பெயர் இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். எனவே அந்த வகை ஓடு போட்ட கூரை அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை, சுவர் எவ்வளவு பழசாக வேண்டுமானாலும் இருக்கலாம். காரை பெயர்ந்த இடத்தில் செங்கல்லைக் கவனியுங்கள்: தட்டையான சின்னக் கல்லும் நடுவே தடிமனான சுண்ணாம்புச் சாந்தும் என்றால் பழசு. பெயர்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன், நீங்களே பெயர்க்காதீர்கள். ஆணியால் சுரண்டிப் பார்க்கிற ஆளை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு கட்டடத்துக்கு ஒரே வயது என்று நினைக்காதீர்கள். தரைத்தளம் ஒரு காலம், மாடி ஒரு காலம், முகப்பு இன்னொரு காலம். எப்போது கட்டியது என்பதைவிட எந்தப் பகுதி எப்போது வந்தது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

பத்திரத்தைப் படிக்கிற விதம்

தனியார் வீடு என்றால் இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் பத்திரத்தை யாரும் உடனே எடுத்து நீட்ட மாட்டார்கள். ஜார்ஜ் டவுனில் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வந்து வீட்டை அண்ணாந்து பார்த்தால் புரோக்கர் என்று நினைப்பார்கள், இல்லையென்றால் மாநகராட்சி. வாடகை வழக்கு நடந்துகொண்டிருக்கும் வீடாக இருந்தால் இன்னும் மோசம். முதல் நாள் பத்திரத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். வீட்டின் பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள், கல்யாண போட்டோ போதும், பின்னால் தூண் தெரியும், கதவு தெரியும். நீங்கள் எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுங்கள். பத்திரம் தானாக வரும்.

காட்டவில்லை என்றாலும் வழி இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றிதழ் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சமீபத்திய பல வருஷங்களுக்கு இணையத்திலேயே வந்துவிடும், அதற்கு முந்தியதற்கு மனுப் போட்டுக் கட்டணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். அதில் வரும் ஆவண எண்ணை வைத்து ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கிப் போனால் மூலப்பத்திரம் வரை எட்டலாம். பதிவுத்துறை 1864-லிருந்து இருக்கிறது, அந்த ஆழம் வரை எல்லா வீட்டுக்கும் கிடைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

சென்னைப் பத்திரத்தில் சொத்து விவரம் எழுதிய இடத்துக்கு நேராகப் போங்கள். பழைய கதவு எண், புதிய கதவு எண், பழைய சர்வே எண், ரீ-சர்வே எண், கலெக்டர் சர்டிபிகேட் எண் என்று ஒரு கூட்டமே இருக்கும். எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கதவு எண் இந்த ஊரில் எத்தனை முறை மாறியிருக்கிறது என்பது தபால்காரருக்கே வெளிச்சம், இன்றைக்கும் 'பழைய எண் 14, புதிய எண் 31' என்றுதானே விலாசம் எழுதுகிறோம். சர்வே எண்தான் ஓரளவு நிலையாக நிற்கும்.

அடுத்து சக்குபந்தி, அதாவது நான்கெல்லை. கிழக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் மனை, மேற்கே பொதுச் சந்து என்று போகும். உங்கள் வீட்டின் பத்திரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரும், பக்கத்து வீட்டின் பத்திரத்தில் உங்கள் வீட்டுக்காரர் பெயரும் கிடைக்கும். ஒரே தெருவில் நாலு பத்திரம் பார்த்தால் 1900 வாக்கில் அந்தத் தெருவில் வரிசையாக யார் யார் இருந்தார்கள் என்றே எழுதிவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த இடத்தை என்ன சொல்லி விற்றார்கள் என்பது. வெறும் மனை, கூரை வீடு, ஓட்டு வில்லை வீடு, மெத்தை வீடு என்று தெளிவாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். ஒரு பத்திரத்தில் ஓட்டு வீடு, இருபது வருஷம் கழித்து வந்த அடுத்த பத்திரத்தில் மெத்தை வீடு என்றால் மாடி அந்த இருபது வருஷத்துக்குள் வந்தது. விலை திடீரென்று பல மடங்கு கூடியிருந்தாலும் நடுவில் கட்டடம் எழும்பியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். நான் 1927-ல் ஏமாந்ததற்கு விடை கிடைத்தது இந்த ஒரு சொல்லில்தான்.

வருஷத்தைப் படிப்பதிலும் வில்லங்கம் இருக்கிறது. பழைய கல்லிலும் பத்திரத்திலும் தமிழ் எண் வரும்: ௧௮௯௨ என்றால் 1892. அதையே ௲௮௱௯௰௨ என்றும் எழுதியிருப்பார்கள், ஆயிரம், எட்டு நூறு, ஒன்பது பத்து, இரண்டு என்று படிக்க வேண்டும். தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருஷச் சுழற்சியை மறக்காதீர்கள். விரோதி வருஷம் என்றால் அது 1889-ஆகவும் இருக்கலாம், 1949-ஆகவும் இருக்கலாம். எது என்பதை முத்திரைத்தாளில் இருக்கும் தலை சொல்லிவிடும், விக்டோரியாவா, எட்வர்டா, ஜார்ஜா என்று பாருங்கள். சக வருஷம் என்றால் 78 கூட்டுங்கள். பசலி (வருவாய்க் கணக்கில் வரும் வருஷம்) என்றால் 590. இரண்டிலும் ஒரு வருஷம் முன்பின் ஆகும், அதில் தொங்காதீர்கள்.

ஆவணக் காப்பகம், நூலகம், வரைபடம்

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, சிவப்புக் கட்டடத்தில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1909-ல் ரெக்கார்ட் ஆபீஸ் என்று கட்டியது, கம்பெனிக் காலத்து 17-ஆம் நூற்றாண்டுக் காகிதம் முதல் அங்கே உண்டு. அடையாள அட்டையும், எதைத் தேடுகிறீர்கள் என்று விளக்கும் கடிதமும் கையில் இருக்கட்டும். அரசுக் கட்டடம், சாலை, பாலம், மார்க்கெட் என்றால் அங்கே கோப்பு இருக்க வாய்ப்பு அதிகம். தனி வீட்டுக்காக முதல் நாளே அங்கே போய் உட்காராதீர்கள், பசிதான் மிஞ்சும். கன்னிமாரா நூலகம் 1896-லிருந்து இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், தமிழ் அச்சுப் பொருள்களுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. சுதேசமித்திரன் மாதிரிப் பழைய பத்திரிகைகளில் செய்தியைவிட விளம்பரத்தைப் பாருங்கள். கடைப் பெயர், கதவு எண், தெரு, சில சமயம் 'எதிரே இன்ன கட்டடம்' என்று எல்லாமே கிடைக்கும்.

ஆங்கிலத்தில் 'அசைலம் பிரஸ் அல்மனாக்' என்று வருஷாவருஷம் வந்த ஒரு டைரக்டரி உண்டு. யார் எந்த பங்களாவில் இருந்தார்கள் என்ற பட்டியல் அதில் வரும். வெள்ளைக்காரர்களும் அதிகாரிகளும்தான் அதில் பெரும்பாலும். நுங்கம்பாக்கம், எழும்பூர் பக்கத்துத் தோட்ட வீடுகளுக்கு அது அருமை, மண்ணடிக்கு அவ்வளவாக உதவாது. கோட்டையைச் சுற்றிய ஆரம்ப காலத்துக்கு ஹென்றி டேவிசன் லவ் 1913-ல் வெளியிட்ட பழைய சென்னை வரலாற்றுத் தொகுதிகள் இல்லாமல் முடியாது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

வரைபடங்களை ஒன்றுக்கொன்று ஒப்பிடுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. இரண்டு வெவ்வேறு வருஷத்துப் படங்களை எடுத்து, நகராத மூன்று புள்ளிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோவில் குளம், மாதா கோவில், ரயில் பாதை வளைகிற இடம், இப்படி. கபாலீசுவரர் குளம், கோட்டை செயின்ட் மேரி சர்ச், ராயபுரம் ஸ்டேஷன் மூன்றையும் வைத்து நான் பல முறை சரிபார்த்திருக்கிறேன். செயின்ட் மேரி 1680-லிருந்து அதே இடத்தில், ராயபுரம் 1856-லிருந்து அதே இடத்தில். உங்கள் கட்டடம் இருக்கும் இடம் ஒரு படத்தில் தென்னந்தோப்பாகவும் அடுத்த படத்தில் கட்டடமாகவும் இருந்தால் அந்த இரண்டு வருஷங்களுக்கு நடுவில் விடை இருக்கிறது. பழைய போட்டோ, போஸ்ட்கார்டு கிடைத்தாலும் இதே மாதிரிதான், ஆனால் அடியில் அச்சிட்ட குறிப்பை நம்புவதற்கு முன் படத்தில் டிராம் கம்பி இருக்கிறதா, மின்விளக்குக் கம்பம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டியவர் யார் என்று தேடும்போது ஒரு வேண்டுகோள். எல்லாக் குறிப்பிலும் கட்டடக்கலைஞர் பெயர்தான் வரும்: செனட் ஹவுஸ் என்றால் சிஷோம், உயர் நீதிமன்றம் என்றால் இர்வின், ரிப்பன் மாளிகை என்றால் ஹாரிஸ். கான்ட்ராக்டர் பெயரையும் தேடுங்கள். ரிப்பன் மாளிகையை ஏழரை லட்சம் ரூபாயில் 1913-ல் கட்டி முடித்தவர் லோகநாத முதலியார். உயர் நீதிமன்றம், விக்டோரியா பப்ளிக் ஹால் இரண்டுக்கும் பின்னால் நம்பெருமாள் செட்டி இருக்கிறார். கணித மேதை ராமானுஜன் 1920-ல் கடைசி நாட்களைக் கழித்த சேத்துப்பட்டு வீடும் இதே செட்டியாருடையதுதான். எழும்பூர் ஸ்டேஷனை 1908-ல் முடித்துக் கொடுத்தவர் பெங்களூர் சாமிநாத பிள்ளை. கல்லும் சுண்ணாம்பும் எங்கிருந்து வந்தது, எத்தனை ஆள் வேலை செய்தார்கள் என்பதெல்லாம் கான்ட்ராக்டர் பெயரைப் பிடித்துப் போனால்தான் தட்டுப்படும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது

"எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். யாருக்கும் வருஷம் ஞாபகம் இருக்காது, ஆனாலும் கேட்டுவிட்டீர்களே என்று ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவார்கள், அது உங்கள் நோட்டில் ஏறிக்கொள்ளும். அதற்குப் பதில் "ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியானதே, அப்போது இந்த மாடி இருந்ததாக உங்கள் அம்மா சொல்லியிருக்கிறார்களா?" என்று கேளுங்கள். அது 1942. அதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால் எம்டன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் கப்பல் சுட்டதை நினைவூட்டும் கல் உயர் நீதிமன்றச் சுவரில் இருக்கிறது. 'எம்டன் குண்டு எங்கள் வீட்டுச் சுவரில் பட்டது' என்ற கதை வடசென்னையில் நிறையக் குடும்பங்களில் உண்டு. எல்லார் வீட்டிலும் பட்டிருக்க முடியாது. ஆனால் எம்டன் வந்தபோது அந்த வீடு இருந்தது என்று குடும்பமே நம்புகிறது என்பது ஒரு துப்பு, அதை வரைபடத்தோடு ஒட்டிப் பாருங்கள்.

சில கதைகளைக் கேட்டதும் ரசித்துவிட்டு, தனிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். சுரங்கப்பாதைக் கதை முதலில். நான் போன ஒவ்வொரு பழைய கட்டடத்திலும் கோட்டைக்குப் போகும் சுரங்கம் இருக்கிறது, ஒருவர்கூட அதற்குள் நடந்ததில்லை. அடுத்து ராபர்ட் கிளைவ் தங்கிய வீடு. இவ்வளவு வீட்டில் தங்கியிருந்தால் அந்த மனுஷனுக்குச் சண்டை போட நேரமே இருந்திருக்காது. பெயர்க்கதைகளும் உண்டு: ஹாமில்டன் பாலம் நம்மவர் வாயில் அம்பட்டன் வாராவதியாகி, அதை மறுபடி ஆங்கிலத்தில் மாற்றி பார்பர்ஸ் பிரிட்ஜ் ஆக்கினார்கள் என்பது பிரபலமான கதை. சொல்லச் சொல்ல சுவையாக இருக்கும். எழுதும்போது 'என்று சொல்வார்கள்' என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துவிடுங்கள், உங்கள் மானம் தப்பும்.

கல்லும் நகரும்

கல்லில் எழுதியது கல்லோடு இருக்கிறது, ஆனால் கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று யார் சொன்னது? செயின்ட் மேரி சர்ச் முற்றத்தில் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள் பாவியிருக்கின்றன. அங்கே புதைத்தவர்களுடையது என்றுதான் தோன்றும். பெரும்பாலானவை இன்றைய சட்டக் கல்லூரி இருக்கும் இடத்தில் இருந்த பழைய இடுகாட்டிலிருந்து வந்தவை. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கல்லறைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சுட்டார்கள். அதனால் முற்றுகை முடிந்ததும் இடுகாட்டையே அகற்றிக் கற்களை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே கவர்னராக இருந்த எலிஹு யேலின் சிறு வயது மகனுடைய கல்லறையும் ஹின்மர்ஸ் கல்லறையும் மட்டும் கல்லூரி வளாகத்திலேயே தங்கிவிட்டன. தேனாம்பேட்டைப் பக்கம் செனடாப் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது, செனடாப் எங்கே? கார்ன்வாலிஸ் நினைவு மண்டபத்தை அங்கிருந்து பெயர்த்துக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அதற்குள் இருக்க வேண்டிய சிலை கோட்டை மியூசியத்தில் இருக்கிறது.

கலங்கரை விளக்கமும் இப்படி ஊர் சுற்றியதுதான். 1796-ல் கோட்டைக்குள் ஒரு கட்டட மாடியில் விளக்கு, அந்தக் கட்டடம்தான் இன்றைய மியூசியம். 1844-ல் உயர் நீதிமன்ற வளாகத்தில் கல் தூண். 1894-ல் அதே வளாகத்தில் நீதிமன்றக் கோபுரத்து உச்சி. 1977-ல் மெரினா. 'பழைய லைட்ஹவுஸ் எதிரே' என்று ஒரு குறிப்பு வந்தால், குறிப்பு எழுதிய வருஷத்தை வைத்து எந்த லைட்ஹவுஸ் என்று முடிவுசெய்யுங்கள்.

நகராத கல்லும் ஒன்று இருக்கிறது, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்துக்குள் 1792-ல் நட்ட கருங்கல் தூண். சென்னை வானாய்வகத்துக் கருவியைத் தாங்க நிறுத்தியது. ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களுக்கும் தெரியட்டும் என்று தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆயிரத்தில் இருநூற்றுச் சொச்சம்தான் ஆகியிருக்கிறது.

கிளம்புவதற்கு முன்

ஜார்ஜ் டவுனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் போங்கள். ஷட்டர் எல்லாம் இறங்கியிருக்கும், லாரி இருக்காது, முகப்பு முழுதாகத் தெரியும். வார நாளில் போனால் மூட்டை இறக்குகிறவர் உங்களைத் திட்டுவார், நியாயமாகத்தான் திட்டுவார். கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் ராணுவமும் இருப்பதால் அடையாள அட்டை வேண்டும், கேமராவை எங்கே பார்த்தாலும் நீட்டக் கூடாது. மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. உங்கள் கட்டடம் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியலில் 467 இடங்கள் இருக்கின்றன. பட்டியலில் இல்லாத வீடு என்றால் கொஞ்சம் வேகமாக வேலை செய்யுங்கள். நான் சொன்ன அந்தச் சிங்க வீட்டின் பக்கத்து வீட்டை நிதானமாக அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டேன், போனபோது பச்சைத் துணி கட்டி இடித்துக்கொண்டிருந்தார்கள். உத்தரங்களைத் தெருவில் அடுக்கி விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அதை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன், தேதி போட்டு.